கீழ்பவானிக்கு ஏழு ஸ்லைடு: சாட்பாட்டில் பிபிடி தயாரித்த அனுபவம்

ஈரோடு மாவட்டம் அறச்சலூர்ப் பக்கத்தில் இயங்கும் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் பயிற்சிப் பணிகளைக் கவனித்து வருகிறேன். மஞ்சள் விவசாயிகளுக்கான பயிற்சி, பாசன சபைக் கூட்டம், வங்கி மேலாளர் முன் வைக்க வேண்டிய கடன் திட்டம், வெளியூர் வியாபாரிகள் வந்தால் காட்ட வேண்டிய விவரம் என்று மாதத்துக்கு ஒன்றிரண்டு பிபிடி தயாரிக்கும் வேலை என்னிடம்தான் வந்து சேரும். சென்ற ஆடி மாதம் முதல் இந்த வேலையை ஏஐ சாட்பாட்களின் துணையோடு செய்து பார்க்கிறேன். இதுவரை பதினான்கு பிபிடிகள் ஆகியிருக்கின்றன. மூன்று நிறுவனங்களின் சேவைகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினேன். மூன்றிலும் நிறையும் குறையும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்ததால் எது எந்த நிறுவனத்தினுடையது என்று இங்கே பிரித்துச் சொல்லவில்லை. எங்களைப் போலத் தமிழில், கிராமத்து மண்டபத்தில், விவசாயிகள் முன் பேச வேண்டியவர்களுக்கு இந்தக் கருவி எந்த அளவுக்கு உதவும் என்பதைத்தான் எழுத விரும்புகிறேன்.

சாட்பாட் ஸ்லைடு தயாரிக்கும் வழிகள் சில உண்டு. தலைப்பும் குறிப்புகளுமாக எழுத்தில் மட்டும் தந்துவிட்டு, பவர்பாயின்டில் ஒட்டிக்கொள்ளும் வேலையை நம்மிடமே விடுவது ஒரு வழி. பைதான் மொழியில் தானே ஒரு சிறு நிரல் எழுதி, அதை ஓட்டி, பதிவிறக்கிக்கொள்ளும் பிபிடிஎக்ஸ் கோப்பாகவே தருவது இன்னொரு வழி. ஸ்லைடுக்கென்றே உள்ள காமா போன்ற இணையதளங்களும், பவர்பாயின்டுக்குள் கோபைலட், கூகுள் ஸ்லைட்ஸுக்குள் ஜெமினி என்று மென்பொருளோடு சேர்ந்தே வருபவையும் தனி. நான் பெரும்பாலும் இரண்டாவது வழியையே பயன்படுத்தினேன். கோப்பு கையில் கிடைத்துவிட்டால், இணைய இணைப்பே இல்லாத மண்டபத்திலும் அதைத் திறந்து திருத்த முடியும் என்பதுதான் காரணம்.

முதல் முயற்சி கீழ்பவானி பாசனம் பற்றியது. ஆகஸ்ட் 15 வாக்கில் பவானிசாகர் அணையிலிருந்து வாய்க்காலில் தண்ணீர் திறப்பது வழக்கம் என்பதால், ஆடி முடிவதற்குள் எங்கள் பகுதிப் பாசன சபை கூடி, கிளை வாய்க்காலில் யாருக்கு எந்த நாளில் முறை என்று பேசி முடிக்க வேண்டும். அந்தக் கூட்டத்துக்காக, 'கீழ்பவானி பாசனத் திட்டம் பற்றி விவசாயிகளுக்கு 15 ஸ்லைடு தயாரித்துத் தரவும்' என்று ஒரே வரியில் கேட்டேன். இரண்டு நிமிடங்களுக்குள் பதினைந்து ஸ்லைடும் வந்துவிட்டன. தலைப்புகள் அழகாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஐந்து குறிப்புகள், ஓரத்தில் இலைப் படம், கடைசியில் நன்றி. மேலோட்டமாகப் பார்த்தபோது மகிழ்ச்சியாகவே இருந்தது. இரவு உணவுக்குப் பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தபோதுதான் அதை அப்படியே கூட்டத்தில் காட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று புரிந்தது.

அணை 1955இல் கட்டி முடிக்கப்பட்டது, கொள்ளளவு 32.8 டிஎம்சி, நீர்மட்ட உயரம் 105 அடி என்ற விவரங்கள் சரியாகவே இருந்தன. வாய்க்காலின் நீளம் 200 கிலோமீட்டர், ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலப்பரப்பு, 2,07,000 ஏக்கர் என்பதிலும் தவறில்லை. ஆனால் அடுத்த ஸ்லைடில், காலிங்கராயன் வாய்க்கால் பவானிசாகர் அணையிலிருந்து புறப்படுவதாக எழுதியிருந்தது. காலிங்கராயன் வாய்க்கால் பவானி ஊரில், ஆறு காவிரியோடு கூடுவதற்குச் சற்று முன்பு உள்ள அணைக்கட்டிலிருந்து பிரிவது. கீழ்பவானி வாய்க்காலைவிடப் பல நூற்றாண்டுகள் மூத்தது. பவானி ஆறு என்ற ஒரே பெயரைப் பிடித்துக்கொண்டு இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. அதைவிடப் பெரிய தவறு பாசன முறையில் இருந்தது. ஆகஸ்டில் தண்ணீர் திறந்ததும் ஆயக்கட்டு முழுவதும் நெல் நடலாம், எல்லா மதகுகளிலும் ஒரே சமயத்தில் தண்ணீர் வரும் என்று பொருள்படும்படி இரண்டு வரிகள் இருந்தன.

எங்கள் ஊரில் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது. ஆயக்கட்டின் ஒரு பாதியான 1,03,500 ஏக்கருக்கு முதல் போகத்தில் நன்செய்ப் பாசனம். மறு பாதிக்குத் தை மாதம் தொடங்கிப் புன்செய்ப் பாசனம், அதுவும் விட்டு விட்டுத்தான் தண்ணீர். பிரதான வாய்க்காலில் ஒற்றைப்படை மதகுகளுக்கு நன்செய் என்றால், சென்னசமுத்திரம் பகிர்மான வாய்க்காலில் இரட்டைப்படை மதகுகளுக்கு நன்செய் என்று அரசாணையிலேயே இருக்கும். அடுத்த ஆண்டு அது மாறும். இந்த ஒற்றை, இரட்டைக் கணக்கின் மேல்தான் எங்கள் வீடுகளில் கல்யாணத் தேதி முதல் கடன் தவணை வரை நிற்கிறது. அதைத் தவறாகச் சொல்லும் ஒரு ஸ்லைடு திரையில் விழுந்தால், அதற்குப் பிறகு நாம் சொல்லும் எதையும் கூட்டம் காதில் வாங்காது.

இன்னொரு ஸ்லைடு என்னை இன்னும் அதிகமாக யோசிக்க வைத்தது. வாய்க்காலுக்குக் கான்கிரீட் தளம் அமைப்பதன் நன்மைகள் என்று அதற்குத் தலைப்பு. கசிவு குறையும், வாய்க்காலின் கடைசிப் பகுதியான கடைமடைக்குத் தண்ணீர் சேரும், பராமரிப்பு எளிது என்று வரிசையாக இருந்தது. கடைமடை விவசாயிகளில் பலர் அப்படி நினைப்பது உண்மைதான். ஆனால் கசிவு நீரை நம்பியே கிணறுகளும் தென்னைகளும் குளங்களும் இருக்கின்றன என்று சொல்பவர்களும் அதே அளவு உறுதியோடு இருக்கிறார்கள். இந்த விஷயத்தில் எங்கள் வட்டாரத்தில் போராட்டங்களும் உண்ணாவிரதங்களும் நடந்திருக்கின்றன. ஒரே குடும்பத்தில் அண்ணன் தம்பி இருவரும் இரண்டு பக்கம் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட ஒன்றை, மறுதரப்பு என்ற ஒன்று இருப்பதாகவே காட்டிக்கொள்ளாமல், மெத்தெனப் பச்சை நிறப் பின்னணியில் நன்மைகள் என்று எழுதித் தந்திருந்தது. இதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஆனாலும் நான் பார்த்தவற்றிலேயே ஆபத்தான ஸ்லைடு அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். எண் தவறினால் யாராவது ஒருவர் எழுந்து திருத்திவிடுவார். ஒரு பக்கச் சாய்வை ஸ்லைடு போட்டவரின் கருத்தாகவே கூட்டம் எடுத்துக்கொள்ளும்.

இந்த நிலையில் நான் சாட்பாட்டை விட்டுவிட்டுப் பழையபடி ஈரோட்டு டிடிபி கடைக்கே போயிருப்பேன். போகாததற்குக் காரணம், மறுநாள் காலையில் வேறு விதமாகக் கேட்டுப் பார்த்ததுதான். என் நோட்டில் இருந்த குறிப்புகளை, முந்தைய ஆண்டின் முறை அட்டவணையோடு சேர்த்து, நான்கு பக்கம் தட்டச்சு செய்து கொடுத்தேன். 'இதில் உள்ளதைத் தவிர வெளியிலிருந்து எதையும் சேர்க்கக் கூடாது. ஸ்லைடு செய்வதற்கு முன் உனக்குத் தெரிய வேண்டியவற்றை என்னிடம் கேள்' என்று எழுதினேன். அது எட்டுக் கேள்விகள் கேட்டது. கூட்டத்தில் எத்தனை பேர் இருப்பார்கள், அவர்களில் தலைமடைக்காரர் எத்தனை, கடைமடைக்காரர் எத்தனை என்று கேட்டது. எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று கேட்டது. ஐந்தாவது கேள்வி இது: 'கூட்டம் முடிந்து வெளியே செல்லும்போது அவர்கள் எதை முடிவு செய்திருக்க வேண்டும்?'

அந்தக் கேள்வியைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் பதில் எழுதாமல் இருந்தேன். இதற்கு முன் நான் தயாரித்த பாசன பிபிடிகள் எல்லாமே அணையின் வரலாற்றில் தொடங்கி, திட்டத்தின் அளவுகளைச் சொல்லி, ஆயக்கட்டு வரைபடத்தைக் காட்டி, கடைசி ஐந்து நிமிடத்தில்தான் முறைக்கு வரும். அதற்குள் பாதிப் பேர் டீ குடிக்க எழுந்து போயிருப்பார்கள். வந்தவர்களுக்கு அணையின் வரலாறு வேண்டியதில்லை; அவர்களில் சிலர் அணை கட்டும்போது மண் சுமந்தவர்களின் பிள்ளைகள். அன்றைக்கு முடிவாக வேண்டியது ஒன்றே ஒன்று: கிளை வாய்க்காலின் கடைசி மூன்று மடைகளுக்குத் தண்ணீர் எட்டாமல் போகும் நாட்களை யார் எப்படி ஈடுசெய்வது என்பது. அதை எழுதிக் கொடுத்தேன். பதினைந்து ஸ்லைடு ஏழாகக் குறைந்தது. முதல் ஸ்லைடிலேயே, முந்தைய பருவத்தில் கடைசி மூன்று மடைகளுக்குத் தண்ணீர் வராத நாட்கள் எத்தனை என்று ஒரே ஓர் எண் மட்டும் பெரிதாக இருந்தது. இரண்டாவதில் அதற்கான மூன்று காரணங்கள். மூன்றாவது முதல் ஐந்தாவது வரை மாற்று முறைகள், ஒவ்வொன்றிலும் யாருக்கு எவ்வளவு நேரம் கூடும், யாருக்குக் குறையும் என்ற கணக்கோடு. ஆறாவதில் புதிய அட்டவணை. ஏழாவது ஸ்லைடு கையெழுத்துப் போட வேண்டியவர்களின் பட்டியல்.

கூட்டத்தில் எழக்கூடிய கேள்விகளையும் முன்கூட்டியே எழுதித் தருமாறு கேட்டிருந்தேன். பத்துக் கேள்விகள் தந்தது. அவற்றில் ஆறு அன்று உண்மையிலேயே எழுந்தன. தலைமடையில் தோட்டம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், 'ஏனுங் தம்பி, ராத்திரி முறை எங்களுக்கே வருதுங்களே, பாம்பு பூச்சி கடிச்சா ஆர் பாக்கறது?' என்று கேட்டார். அந்தக் கேள்வி பட்டியலில் இல்லை. ஆனால் இரவு முறை யாருக்கு எத்தனை நாள் என்ற எண்ணிக்கை மூன்றாவது ஸ்லைடிலேயே இருந்ததால், திரையைக் காட்டிப் பதில் சொல்ல முடிந்தது. நாற்பது நிமிடத்தில் கூட்டம் முடிந்தது. ஏழாவது ஸ்லைடில் பெயர் இருந்தவர்களில் இருவரைத் தவிர மற்றவர்கள் அங்கேயே கையெழுத்திட்டார்கள்.

எனவே இந்தச் சேவையில் எனக்குப் பிடித்தது அது வரையும் ஸ்லைடு என்று சொல்ல மாட்டேன். அது கேட்கும் கேள்விகளும், நான்கு பக்கக் குறிப்பை ஏழு ஸ்லைடாக அடுக்கும் ஒழுங்கும், ஒரு ஸ்லைடில் ஒரு செய்திதான் இருக்க வேண்டும் என்று சொன்னால் அதை விடாமல் கடைப்பிடிக்கும் பொறுமையும்தான் பிடித்திருக்கின்றன. சரக்கு நம் கையில் இருக்குமானால் அதைக் கட்டிக் கொடுப்பதில் இது கெட்டிக்காரப் பிள்ளை. சரக்கையும் அதுவே கொண்டு வரட்டும் என்று விட்டால், யாருடைய சந்தையிலிருந்தோ எதையோ அள்ளிக்கொண்டு வந்து நிற்கிறது.

அடுத்து தமிழ் எழுத்தின் சிக்கல். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் ஆங்கிலத்தில் ஸ்லைடு செய்பவர்களுக்கு இப்படி ஒரு சிக்கல் இருப்பதே தெரியாது.

'கொ' என்ற எழுத்தைக் கணினி சேமிக்கும்போது முதலில் ககரம், அதற்குப் பின் ஒகரக் குறி என்று இரண்டு துண்டாகத்தான் சேமிக்கிறது. திரையில் காட்டும்போது அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பைக் ககரத்துக்கு இடப்பக்கமும் காலை வலப்பக்கமும் வைக்க வேண்டும். இந்த வேலையைச் செய்யத் தெரிந்த மென்பொருளில் எழுத்து ஒழுங்காக வரும். தெரியாத மென்பொருளில் கொம்பு தன் இடத்தை விட்டு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், அல்லது புள்ளிகளால் ஆன வட்டம் ஒன்று நடுவில் முளைக்கும். சாட்பாட் பிபிடிஎக்ஸ் கோப்பாகத் தந்தபோது பவர்பாயின்ட் இதைச் சரியாகவே காட்டியது. அதே உள்ளடக்கத்தைப் பிடிஎஃப் ஆகக் கேட்டபோது, அது பயன்படுத்திய பைதான் நூலகம் எழுத்தைக் கோக்கத் தெரியாததாக இருந்ததால், கொடுமுடியும் மொடக்குறிச்சியும் சிதைந்து போயின. கொங்கு என்ற பெயரே ஒகரத்தில் தொடங்குவது. எங்கள் நிறுவனத்தின் பெயர்ப்பலகை போன்ற முதல் ஸ்லைடிலேயே அந்தச் சொல் உடைந்து கிடந்ததைப் பார்த்தபோது மனம் வருந்தியது. தமிழ் வாசிக்கத் தெரிந்த எந்த மனிதரும் அந்தப் பக்கத்தை முடித்துவிட்டேன் என்று சொல்லி நீட்ட மாட்டார். சாட்பாட் நீட்டியது. அதற்குப் பின் பிடிஎஃப் வேண்டுமென்றால் பிபிடிஎக்ஸ் கோப்பைப் பவர்பாயின்டில் திறந்து, அங்கிருந்துதான் பிடிஎஃப் ஆக மாற்றுகிறேன்.

படமாக வரைந்து தரச் சொன்னால் நிலைமை இன்னும் மோசம். மஞ்சள் வேகவைக்கும் கொப்பரையைப் படமாக வரைந்து கீழே தமிழில் பெயர் எழுதித் தருமாறு கேட்டேன். படம் நன்றாக இருந்தது. கீழே தமிழ் போன்ற தோற்றத்தில் ஏதோ இருந்தது. 247 எழுத்துகளில் எதுவும் அப்படி இல்லை. படத்தை எழுத்தில்லாமல் வாங்கிக்கொண்டு, பெயரைப் பவர்பாயின்டில் நாமே தட்டச்சு செய்வதே நல்லது.

எழுத்துரு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பைதான் நிரல் எழுதும்போது சாட்பாட் வழக்கமாக ஆங்கில எழுத்துக்கு மட்டுமே எழுத்துருவைக் குறிப்பிடுகிறது. பிபிடிஎக்ஸ் கோப்பின் உள்ளே தமிழ் போன்ற எழுத்துமுறைகளுக்கு எழுத்துருவைக் குறிக்கத் தனி இடம் இருக்கிறது. அதை நிரப்பாமல் விட்டால், திறக்கும் கணினியில் எது இருக்கிறதோ அதைக் கொண்டு தமிழ் காட்டப்படும். என் கணினியில் அழகாகத் தெரிந்தது மண்டபத்துக் கணினியில் வேறு உருவில், வேறு அகலத்தில் தெரிந்ததன் காரணம் இதுதான். 'தமிழ் எழுத்துக்கும் சேர்த்து எழுத்துருவைக் குறிப்பிடு, நிர்மலா யுஐ பயன்படுத்து' என்று தெளிவாகச் சொன்ன பிறகு அந்தத் தொல்லை தீர்ந்தது. விண்டோஸ் கணினிகளில் நிர்மலா யுஐ பொதுவாக இருக்கும் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தேன்.

தமிழ்ச் சொற்கள் ஆங்கிலச் சொற்களைவிட நீளமானவை. அதே கருத்தைத் தமிழில் எழுதினால் பெட்டி நிறைந்து வழிகிறது. நிரல் வழியே தயாராகும் கோப்பில், எழுத்து பெட்டிக்குள் அடங்குகிறதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சரிசெய்யும் கட்டம் பல நேரங்களில் இருப்பதில்லை. கோப்பைக் கட்டி முடித்ததும் வேலை முடிந்ததாகக் கொள்கிறது. ஆகவே முதல் வரைவில் பாதி ஸ்லைடுகளில் கடைசி வரி அடிப்பக்கக் கோட்டுக்கு வெளியே தொங்கும். ஒரு குறிப்புக்கு எட்டுச் சொல்லுக்கு மேல் கூடாது, ஒரு ஸ்லைடுக்கு நான்கு குறிப்புக்கு மேல் கூடாது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் இது பெருமளவு குறைகிறது. பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகளை வைத்திருப்பவர்கள் அவற்றை முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அப்படியே ஒட்டினால் அது ஆங்கில எழுத்துகளின் குவியலாகவே சாட்பாட்டுக்குப் போய்ச் சேரும்.

மொழியின் சிக்கல் எழுத்தோடு முடியவில்லை. சாட்பாட் எழுதும் தமிழ் இலக்கணப் பிழையில்லாமல்தான் இருக்கிறது, ஆனால் அது எங்கள் தோட்டத்துத் தமிழாக இல்லை. நன்செய், புன்செய் என்று எழுத வேண்டிய இடத்தில் ஈரப் பயிர், உலர் பயிர் என்று எழுதியது. கடைமடையை வால் முனை என்றது. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பற்றி வியாபாரிகளுக்காக ஒரு பிபிடி செய்தபோது, விரலி மஞ்சளை விரல் மஞ்சள் என்றும், கிழங்கு மஞ்சளைக் குமிழ் மஞ்சள் என்றும் எழுதியிருந்தது. பெருந்துறையிலோ ஈரோட்டிலோ ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குள் போய்க் குமிழ் மஞ்சள் என்ன விலை என்று கேட்டால் யாருக்கும் புரியாது. விரலி, கிழங்கு என்ற இரண்டு சொல்லில்தான் அங்கே விலையே கூறப்படுகிறது. ஆங்கிலத்தில் யோசித்து அதைத் தமிழில் மாற்றி எழுதியதன் அடையாளம் இது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இதற்கு நான் கண்ட வழி ஒரு சொற்பட்டியல். தலைமடை, கடைமடை, மதகு, முறை, ஆயக்கட்டு, விரலி, கிழங்கு, வேகவைத்தல், பாலீஷ் என்று எங்கள் வேலைக்கு வேண்டிய சொற்களை ஒரு கோப்பில் எழுதி, ஒவ்வொரு முறையும் உரையாடலின் தொடக்கத்தில் ஒட்டிவிடுகிறேன். எந்த ஆங்கிலச் சொல்லுக்கு எந்தத் தமிழ்ச் சொல் என்பதோடு, எந்தச் சொல்லைப் பயன்படுத்தவே கூடாது என்பதும் அதில் இருக்கிறது. இந்தப் பட்டியல் வந்த பிறகு திருத்தும் நேரம் பாதியாகக் குறைந்துவிட்டது. நான் பயன்படுத்திய மூன்றில் இரண்டு சேவைகளில் இதை நிரந்தரக் குறிப்பாகச் சேமித்து வைக்கவும் வசதி இருக்கிறது.

தோற்றத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கேட்காமல் விட்டால் அடர் நிறப் பின்னணியும் மெல்லிய வெள்ளை எழுத்தும் தருகிறது. இருட்டறையில் அது அழகாக இருக்கலாம். பகல் பதினொரு மணிக்கு, இரண்டு பக்கமும் கதவு திறந்த கல்யாண மண்டபத்தில், பழைய புரொஜெக்டரில் அது திரையில் தெரியவே தெரியாது. வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, குறிப்புகளுக்கு 32 புள்ளிக்குக் குறையாத அளவு என்று நாமே சொல்லிவிட வேண்டும். வரைபடங்களைப் படமாகத் தராமல் பவர்பாயின்டிலேயே திருத்தக்கூடிய வரைபடமாகத் தருமாறு கேட்பதும் முக்கியம். வரைபடத்தின் மேல் வலது சொடுக்கு செய்தால் தரவைத் திருத்தும் வசதி வருகிறதா என்று பார்த்தால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும். விலை நிலவரம் வாரந்தோறும் மாறும் எங்களுக்கு, திருத்த முடியாத படம் அடுத்த வாரமே வீண்.

வங்கிக் கடனுக்கான பிபிடியில் மட்டும் நான் சாட்பாட்டை ஓரளவுக்கு மேல் நெருங்க விடவில்லை. உறுப்பினர்களின் பெயர், பட்டா எண், ஆதார் எண், பழைய கடன் பாக்கி எல்லாம் ஒரே எக்செல் தாளில் இருந்தன. அவற்றை நம்பி எங்களிடம் கொடுத்தவர்கள், யாருடைய கணினிக்கோ அவை போய்ச் சேரும் என்று நினைத்துக் கொடுக்கவில்லை. ஆகவே பெயர்களையும் எண்களையும் நீக்கி, மொத்தங்களை மட்டும் கொடுத்து, ஸ்லைடின் அமைப்பைச் செய்து வாங்கிக்கொண்டேன். மற்ற விவரங்களை அலுவலகக் கணினியில் நானே நிரப்பினேன். கூடுதலாக ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரத்தை யாரும் மிச்சப்படுத்த நினைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அந்தப் பிபிடியில் இன்னொன்றும் நடந்தது. மொத்தப் பரப்பை ஏக்கரில் கொடுத்திருந்தேன். ஒரு ஸ்லைடில் அதே எண் ஹெக்டேர் என்ற அலகோடு நின்றது. ஒரு ஹெக்டேர் ஏறத்தாழ 2.47 ஏக்கர் என்பதால், கவனிக்காமல் விட்டிருந்தால் எங்கள் நிலம் இரண்டரை மடங்காகியிருக்கும். எண் சரியாக இருந்து அலகு மாறும் பிழை கண்ணில் எளிதில் படாது. அதனால் இப்போது எண்கள் உள்ள ஸ்லைடுகளை மட்டும் அச்செடுத்து, மூலக் குறிப்போடு ஒப்பிட்டு, ஒவ்வோர் எண்ணுக்கும் பென்சிலால் ஒரு குறி இடுகிறேன். வேறு ஒருவர் வாசிக்க, நான் சரிபார்ப்பதாக இருந்தால் இன்னும் நல்லது.

செலவைப் பொறுத்தவரை, இலவசக் கணக்கிலேயே மாதம் ஒன்றிரண்டு பிபிடிகளைச் செய்துவிடலாம். ஆனால் தமிழில் நீண்ட குறிப்புகளைக் கொடுத்து வாங்கும்போது இலவச வரம்பு சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. இந்த மென்பொருள்கள் எழுத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து எண்ணுகின்றன. ஒரே அளவு செய்திக்கு ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கு அதிகத் துண்டுகள் ஆகின்றன. கட்டணச் சேவைகள் பல மாதம் 20 டாலர் அளவில் இருக்கின்றன. நாங்கள் மூன்று மாதம் மட்டும் கட்டிப் பார்த்துவிட்டு, இப்போது இலவசக் கணக்கிலேயே சமாளிக்கிறோம். டிடிபி கடையில் ஒரு பிபிடிக்கு நாங்கள் கொடுத்து வந்த தொகையோடு ஒப்பிட்டால் மாதத்துக்கு மூன்று பிபிடிக்கு மேல் செய்பவர்களுக்கு மட்டுமே கட்டணச் சேவை கட்டுப்படியாகும். நேரக் கணக்கு வேறு. முன்பு ஒரு பிபிடிக்கு இரண்டு நாள் மாலைப் பொழுது போகும். இப்போது குறிப்பு எழுத ஒன்றரை மணி நேரம், சாட்பாட்டோடு அரை மணி நேரம், சரிபார்க்க ஒரு மணி நேரம். குறிப்பு எழுதும் நேரம் குறையவே இல்லை என்பதைப் புதிதாகத் தொடங்குபவர்கள் கவனிக்க வேண்டும். அதைக் குறைத்த நாட்களில் எல்லாம் ஸ்லைடு கெட்டிருக்கிறது.

யாருக்கு இதைப் பரிந்துரைப்பேன் என்று கேட்டால், பேச வேண்டிய விஷயம் தெரிந்திருந்தும் அதை அடுக்கத் தெரியாமல் தடுமாறுபவர்களுக்குத் தயங்காமல் சொல்வேன். வேளாண் விரிவாக்கப் பணியாளர்கள், சங்கச் செயலாளர்கள், பள்ளி ஆசிரியர்கள் எல்லோரும் அந்த வகையில் வருவார்கள். விஷயம் தெரியாத தலைப்பில் நாளைக் காலைக்குள் பேசியாக வேண்டும் என்று வந்து நிற்கும் கல்லூரி மாணவர்களுக்கு இப்போதைக்கு இதைச் சொல்ல மாட்டேன். எங்கள் அலுவலகத்துக்குப் பயிற்சிக்கு வந்த ஒரு பெண் பிள்ளை, தேசிய மஞ்சள் வாரியம் ஈரோட்டில் அமைந்திருப்பதாகச் சாட்பாட் எழுதியதை அப்படியே தன் ஸ்லைடில் வைத்திருந்தார். வாரியம் 2025 ஜனவரியில் நிஜாமாபாதில் திறக்கப்பட்டது. ஈரோட்டில் அமைய வேண்டும் என்று இங்கே நெடுநாளாகக் கோரிக்கை இருந்தது. அந்தக் கோரிக்கைச் செய்திகளைப் படித்து அப்படி எழுதியதோ என்னவோ. அந்தப் பிள்ளையிடம், 'கண்ணு, இந்த ஒரு வரிக்கு எங்கிருந்து ஆதாரம்?' என்று கேட்டபோது அவரால் பதில் சொல்ல முடியவில்லை. அன்று முதல் எங்கள் அலுவலகத்தில், ஸ்லைடில் உள்ள ஒவ்வொரு செய்தியும் எந்தக் குறிப்பின் எந்தப் பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதைப் பேச்சுக் குறிப்புப் பகுதியில் எழுதித் தருமாறு சாட்பாட்டையே கேட்கிறோம். ஆதாரம் காட்ட முடியாத வரியை நீக்கிவிடுகிறோம்.

சென்ற வாரம் இரண்டாம் போகத் தண்ணீருக்கான கூட்டத்துக்கு ஆறு ஸ்லைடு தயாரித்தேன். சொற்பட்டியலைக் கொடுத்திருந்தும், நான்காவது ஸ்லைடில் துணைப் பகிர்மான வாய்க்கால் என்று ஒரு சொல் இருந்தது. எனக்கே அது தவறாகத் தோன்றவில்லை. திட்ட அறிக்கைகளில் வரக்கூடிய சொல்தான் என்று விட்டுவிட்டேன். கூட்டத்துக்கு முன் மண்டபத்தில் ஸ்லைடுகளை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சீக்கிரமே வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். 'இது எந்த வாய்க்காலுங் தம்பி?' என்றார். கிளையிலிருந்து பிரிந்து தோட்டத்துக்கு வருமே அதுதான் என்றேன். 'அது கொப்பு வாய்க்காலுங்க. கொப்புன்னே போடுங்க, அல்லாத்துக்கும் வெளங்கும்' என்றார். அங்கேயே மாற்றினேன். ஒகரம் உடையாமல் வந்தது. பட்டியலில் அது 65ஆவது சொல்.